மேப்பிரிவு ஏற்றத்துக்கு நாலு டயர்

ஜீப்பின் பின் டயரில் கம்பி வெளியே தெரிகிறது என்று சாரதி கறுப்பையா வந்து சொன்னபோது, ஞானேஸ்வரி ஒரு சவப்பெட்டிக்கு உள்ளே வெள்ளைத் துணி அடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மலர்ச்சாலை மஹய்யாவ மயானத்துக்குச் சற்று மேலே, வீதியோரத்தில் இருந்தது. கண்டி நகரத்துக்குள் நடக்கிற சாவுகளுக்கு அங்கே ஒரு கறுப்பு வேன் உண்டு. ஆனால் தேயிலைத் தோட்டங்களுக்கு வேன் போகாது. தார் முடிகிற இடத்தில் அது நின்றுவிடும். அதற்காகவே அவளுடைய கணவர் பத்மநாதன் பழைய மொன்டெரோ ஜீப் ஒன்றை வாங்கி, பின் ஆசனங்களைக் கழற்றி, பெட்டி நகராமலிருக்கத் தளத்தில் இரும்புச் சட்டம் அடித்து, பக்கத்தில் உறவுக்காரர் ஒருவர் உட்கார்ந்து வருவதற்கு ஒரு சிறிய ஆசனத்தை மட்டும் விட்டு வைத்திருந்தார்.

பத்மநாதன் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மரக்காலையில் மரம் அறுக்கும் வேலைக்கு வந்தவர். பெட்டி செய்யக் கற்று, பிறகு இந்த மலர்ச்சாலையை எடுத்து நடத்தினார். சிறுநீரக நோயில் அவர் இறந்த பிறகு, ஞானேஸ்வரி கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் போகவில்லை. முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த மறுநாளே கதவைத் திறந்தாள்.

"இனிமே ஒட்டுப் போட முடியாதும்மா," என்றான் கறுப்பையா. "மத்த மூணும் மொட்டை. கட்டுகஸ்தோட்டை டயர்க்காரன் என்னைப் பாத்ததும் கையெடுத்துக் கும்பிட்டுட்டான்."

வெளிநாட்டு டயர் வராமல் நின்றிருந்த காலம் முழுதும் அந்த ஜீப்பை ஒட்டுப்போட்டே ஓட்டியிருந்தார்கள். இப்போது கடைகளில் மறுபடியும் டயர் வந்திருந்தது. காரணம் சொல்லித் தள்ளிப்போட இனி இடமில்லை.

அன்றைக்கே இருவரும் அலவத்துகொடைக்குப் போனார்கள். அங்கே ஸெய்னுலாப்தீனின் டயர்க் கடை. பத்மநாதன் உயிரோடு இருந்தபோது வாகனத்துக்கு எது வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போவார்; ஞானேஸ்வரிக்கு அவர் அண்ணன் முறையில் 'நானா'. ஸெய்னுலாப்தீன் ஜீப்பைச் சுற்றி ஒரு முறை நடந்து, குனிந்து, பின் டயரை விரலால் தடவிவிட்டு நிமிர்ந்தார்.

"தங்கச்சி, இதுல மலைக்குப் போய் வந்தீங்களே, அது அல்லாஹ்ட காவல்தான். வேறொன்னும் இல்ல."

"அதுதான் வந்தனான், நானா. எது போடலாம் எண்டு நீங்கள் சொல்லுங்கோ."

அவர் உள்ளேயிருந்து மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்து வைத்தார். முதலாவதில் மெல்லிய கோடுகள் நெருக்கமாக ஓடின. "இது ரோட்டு டயர். தார்ல மெத்தை மாதிரிப் போகும். மழைத் தண்ணியப் பிரிச்சுத் தள்ளும். ஆனா சேத்துல எறக்கினா கோட்டுக்குள்ள எல்லாம் மண் அப்பிரும். பொறகு அது டயர் இல்ல, வழுவழுத்த உருளை." கடைசியில் இருந்ததன் மேல் கை வைத்தார். அதில் கட்டை கட்டையாகப் பற்கள், நடுவே ஆழமான பள்ளங்கள். "இது சேத்து டயர். மண்ணக் கடிச்சு ஏறும். சுத்தும்போதே மண்ணத் தானா உதறிக்கும். ஆனா தார்ல கூவிக்கிட்டேதான் போகும். நனைஞ்ச தார்ல சட்டுன்னு பிரேக் அடிச்சா நிக்கிறதுக்கு ரெண்டு தரம் யோசிக்கும்."

"நடுவில இருக்கிறது?"

"அது ரெண்டுக்கும் பொது. ரெண்டுலயும் நல்லம், ஒன்னுலயும் ஆகத் திறம் இல்ல."

கறுப்பையா கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஏற்கெனவே சேற்று டயரின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு பல்லின் விளிம்பை நகத்தால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுதாம்மா நமக்கு. இதைப் போட்டா லயத்து வீட்டு வாசல்லயே கொண்டுபோய் எறக்கலாம்."

ஞானேஸ்வரிக்கு 'கூவிக்கிட்டே' என்ற சொல் மனதில் தங்கிவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மகனோ மகளோ உட்கார்ந்திருக்க, கண்டியிலிருந்து மலை அடிவாரம் வரை இந்த வண்டி கூவிக்கொண்டு போவதா? சாவு வண்டி சத்தம் போடக்கூடாது என்பதில் பத்மநாதன் கண்டிப்பாக இருந்தவர். ஹார்னைக்கூடத் தொடவிடமாட்டார்.

"நீங்கள் ஓடுறது பெரும்பாலும் தார் ரோட்டுத்தானே, அண்ணை," என்றாள். "மண் ரோட்டு எவ்வளவு? கடைசித் துண்டு. அதுக்காக முழு வழியும் அந்தச் சனம் இந்தச் சத்தத்தைக் கேக்கோணுமே?"

"அந்தக் கடைசித் துண்டுக்குத்தான் நம்மளக் கூப்புடுறாங்கம்மா. மத்ததுக்கு எந்த வேனும் வரும்." கறுப்பையா எழுந்தான். அவன் குரலை உயர்த்துகிறவன் அல்ல, இப்போதும் உயர்த்தவில்லை. "நீங்க ஒரு தடவகூட மேல வந்ததில்ல."

அது உண்மை. பெட்டியை ஏற்றி, மாலை போட்டு, கதவை மூடும் வரைதான் அவள். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் கறுப்பையா திரும்பி வந்து சொல்கிற சில வார்த்தைகள். ஸெய்னுலாப்தீன் டயரில் இல்லாத தூசியைத் தட்டினார்.

அப்போதுதான் ஞானேஸ்வரியின் தொலைபேசி அடித்தது. பேசியது புஷ்பம் என்ற பெண். அவளுடைய தாய் வேலாயி கண்டி ஆஸ்பத்திரியில் காலையில் இறந்துபோயிருந்தாள். ரங்கலை மலைப் பக்கம் நீலக்கல் தோட்டம், அதன் உச்சியிலுள்ள மேப்பிரிவு. நாளைக் காலையில் கொண்டுபோக வேண்டும்.

"மேப்பிரிவு," என்று கறுப்பையா மெதுவாகச் சொன்னான். அந்த ஏற்றம் அவனுக்குத் தெரியும்.

"எது வேணும்னு இப்பவே சொல்லுங்க, நான் பூட்டித் தாறேன்," என்றார் ஸெய்னுலாப்தீன்.

ஞானேஸ்வரி மூன்று டயர்களையும் பார்த்தாள். பார்க்காத ஒரு பாதைக்கு எப்படித் தெரிவு செய்வது என்று அவளுக்கு விளங்கவில்லை. கறுப்பையாவின் பேச்சில் நியாயம் இருந்தது. ஆனால் அவன் சொன்னதற்காகச் சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை.

"கம்பி தெரியிற டயருக்கு மட்டும் பாவிச்ச பழைய டயர் ஒண்டு தாங்கோ, நானா. நாளைக்கு நானும் மேலை போறன். போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுறன்."

"மத்த மூணும்?"

"நாளைக்கு ஒரு நாள்."

ஸெய்னுலாப்தீனுக்கு அது பிடிக்கவில்லை. முகத்தில் தெரிந்தது. ஆனாலும் பையன்களை அழைத்து டயரை மாற்றச் சொன்னார். "மெல்லப் போங்க," என்று மட்டும் கறுப்பையாவிடம் சொன்னார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியின் பிணவறை வாசலில் புஷ்பம் நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். பல்லேகலையில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. தாயை வார்ட்டில் வைத்துப் பார்த்த நாட்களின் களைப்பு அவள் முகத்தில் அப்படியே இருந்தது. கையில் தாயின் சேலையும் சில்லறைச் சாமான்களும் போட்ட ஒரு பை. வேறு யாரும் வரவில்லை.

"அண்ணன் கொழும்புல. நேரா தோட்டத்துக்கு வந்துரும்," என்றாள், யாரும் கேட்காமலே.

பெட்டியை ஏற்றினார்கள். புஷ்பம் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து ஒரு கையைப் பெட்டியின் மூடிமேல் வைத்துக்கொண்டாள். ஞானேஸ்வரி முன்னால் ஏறினாள். வானம் மூடியிருந்தது. குண்டசாலையைத் தாண்டினார்கள். பல்லேகலையில் தொழிற்சாலை பஸ்கள் வரிசையாக நின்று பெண்களை இறக்கிக்கொண்டிருந்தன. புஷ்பம் கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்தாள். அவளுடைய தொழிற்சாலையின் வாசலும் வந்து போயிற்று.

"எங்கம்மா ஜீப்புல போனதே இல்லைங்க," என்றாள். "தோட்டத்துல தொரையோட ஜீப் வந்தா எல்லாரும் ஓரமா ஒதுங்கி நிப்போம். சேறு அடிக்கும்னு அம்மா எங்க மூஞ்சியைத் தன் பக்கம் திருப்பிக்கும்."

ஞானேஸ்வரி பின்னால் திரும்பினாள். "வழியில எங்கையாவது நிப்பாட்டோணும் எண்டா சொல்லும், பிள்ளை," என்றாள்.

"வேணாங்க. அம்மா வீட்டுக்குப் போகட்டும்."

தெல்தெனியாவுக்குப் பிறகு பாதை ஏறத் தொடங்கியது. தூறல் விழுந்தது. தார்ப் பாதை நீலக்கல் தேயிலைத் தொழிற்சாலையோடு முடிந்தது. அதற்கு மேலே செம்மண். முதல் பகுதியில் வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் பதித்திருந்தது. கல்லின் மேல் ஜீப் தட்டுத் தடுமாறினாலும் ஏறியது. ஒவ்வொரு குலுக்கத்துக்கும் புஷ்பம் பெட்டியை இறுக்கிப் பிடிப்பதை ஞானேஸ்வரி திரும்பிப் பார்க்காமலே உணர்ந்தாள். பிறகு கல் முடிந்து வெறும் களிமண் வந்தது. மழைநீர் அதன் நடுவே வாய்க்கால் வெட்டியிருந்தது. இடது பக்கம் மலையின் சுவர். வலது பக்கம் தேயிலைச் சரிவு, கீழே ஓடை.

வளைவு ஒன்றில் பின் சக்கரங்கள் சுற்றத் தொடங்கின. வண்டி நகரவில்லை. கறுப்பையா கீழ் கியருக்கு மாற்றி மெல்ல அழுத்தினான். முன்னால் கொஞ்சம் போனது. அங்கேயே நின்றது. பிறகு, பிரேக்கில் கால் இருந்தும், வண்டி பின்னோக்கி வழுக்கியது. அது ஓடவில்லை, ஈரத் தட்டில் சவர்க்காரக் கட்டி நகர்வதுபோல் சத்தமில்லாமல் நகர்ந்தது. பின்பகுதி வலது பக்கமாகச் சரிவை நோக்கித் திரும்பியது. ஞானேஸ்வரி கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டாள். ஏதோ ஒன்றில் மோதி வண்டி நின்றது. பாதையோரம் வெட்டியிருந்த கருப்பந்தைல யூகலிப்டஸ் மரத்தின் அடிக்கட்டை அது.

"எறங்குங்க," என்றான் கறுப்பையா. கால் பிரேக்கில் இருந்தது. "மெதுவா எறங்குங்கம்மா. நான் காலை எடுக்க மாட்டேன்."

வளைவுக்கு மேலே குடையும் தலையில் போட்ட சாக்குக் கொங்காணியுமாக ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். வேலாயியை எதிர்கொண்டு அழைக்க இறங்கி வந்தவர்கள். அவர்களோடு ஒரு வயதான மனிதர். வேலாயியின் தம்பி சின்னமுத்து. வண்டி வழுக்கியதைப் பார்த்து அவர்கள் ஓடி வந்தார்கள். பெண்கள் இரண்டு பேர் கல் எடுத்துச் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார்கள். கறுப்பையா கைப் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிப் பார்த்தான். அடிக்கட்டை வேரோடு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"பெட்டியை எறக்கிரணும். இந்தப் பாரத்தோட நிக்காது," என்றான்.

"ஆம்பளைங்க மேல குழி வெட்டப் போயிருக்காங்கப்பா," என்றார் சின்னமுத்து. "பாதிப் பயலுக கொழும்புல. வந்த மத்தவனுக பந்தல் போடுறானுக. ஓடிப் போய்க் கூட்டிட்டு வாறேன். அதுவரைக்கும் இருக்கட்டும்."

"இருக்காதுய்யா. பாருங்க, கட்டை ஆடுது."

பெண்களும் கறுப்பையாவும் சேர்ந்து பெட்டியை இழுத்து இறக்கினார்கள். ஒரு பக்கத்துக் கைப்பிடி ஆணியோடு கழன்று புஷ்பத்தின் கையில் வந்தது. அவள் அதை வீசிவிட்டு பெட்டியின் பலகையையே பிடித்தாள். பாரம் குறைந்ததும் ஜீப் ஒரு முறை அசைந்து கற்களின் மேல் அமர்ந்தது.

"கீழ வையுங்க. நான் ஆளுகளை..." என்று சின்னமுத்து தொடங்கினார்.

"வேணாம் மாமா. சேத்துல வைக்க வேணாம்."

"கையிலயே வச்சிக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"நிக்கல. தூக்கிட்டே போறோம்."

சின்னமுத்து மழையில் நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் அல்ல. அக்காளின் சாவில் ஒரு முறைகேடு நடந்துவிடக்கூடாது என்ற பயம்தான் அவருக்கு. "புஷ்பம், பொம்பளைங்க பெட்டி தூக்குற வழக்கம் இல்லம்மா. ஊரு என்ன சொல்லும்?"

"எங்கம்மா இந்த மலையில தூக்காத பாரமா மாமா?" அவள் அழவில்லை. "கொழுந்து தூக்குச்சு, வெறகு தூக்குச்சு, எனக்குக் காச்சல் வந்தப்ப என்னையும் தூக்கிட்டு இதே பாதையில எறங்குச்சு. அப்பல்லாம் ஊரு எங்க இருந்துச்சு?"

முன்னால் நின்ற ஒரு கிழவி, "நட புள்ள," என்றாள். அதோடு பெட்டி நகர்ந்தது.

ஞானேஸ்வரி பாதையோரத்தில் நின்றிருந்தாள். கைப்பிடி கழன்ற பக்கத்தில் பின் மூலை தாழ்ந்துபோவதைக் கண்டாள். அங்கே இருந்த பெண் மெலிந்தவள். பிடி கிடைக்காமல் தடுமாறினாள். ஞானேஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிப் போய் அந்த மூலைக்கு அடியில் கை கொடுத்தாள்.

பலகையின் தடிப்பும் ஆணியின் நீளமும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் ஆள் இருக்கிற பெட்டி ஒன்றை அவள் ஒருநாளும் தூக்கியதில்லை. அது இவ்வளவு கனக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. விளிம்பு உள்ளங்கையில் வெட்டியது. களிமண் விரல்களுக்கு இடையில் பிதுங்கியது. இரண்டடி வைத்தால் ஒரு அடி வழுக்கியது. பெண்கள் ஒருவருக்கொருவர் "பாத்து, கல்லு இருக்கு", "இந்தப் பக்கம் தூக்கு" என்று சொல்லிக்கொண்டார்கள். ஒப்பாரி இல்லை. அதற்கு மூச்சு இல்லை.

பத்மநாதனைக் கொண்டுபோன நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. மலர்ச்சாலை வாசலிலிருந்து பார்த்தால் மயானத்தின் மதில் தெரியும். கூப்பிட்டால் கேட்கிற தூரம். பெண்கள் வருகிற வழக்கம் இல்லை என்று வாசலிலேயே அவளை நிறுத்திவிட்டார்கள். அவர் தன் கையால் செய்து, இன்னொருவருக்கென்று வைத்திருந்த பெட்டியில்தான் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தெரியாத மனிதர்கள் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவள் உள்ளே போய்ச் சீவிக் கிடந்த மரத்தூளைக் கூட்டினாள். அன்றைக்கு அழ முடியாதது இப்போது, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பெட்டிக்கு அடியில், மழையோடு சேர்ந்து இறங்கியது. யாரும் கவனிக்கவில்லை. எல்லோருடைய முகமும் நனைந்துதான் இருந்தது.

முன்னால் திடீரென்று பாரம் கொஞ்சம் இலேசானது. சின்னமுத்து குடையை மடக்கித் தேயிலைக்குள் எறிந்துவிட்டு, ஒரு பக்கத் தோளைக் கொடுத்திருந்தார். மறுபக்கம் கறுப்பையா.

ஏற்றத்தின் பாதியில் மேலேயிருந்து ஆண்கள் ஓடி வந்தார்கள். காட்சியைப் பார்த்து அப்படியே நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து பெண்களிடமிருந்து இடத்தை வாங்கிக்கொண்டார்கள். ஞானேஸ்வரியும் தன் மூலையை ஒரு இளைஞனிடம் கொடுத்தாள். புஷ்பம் மட்டும் கொடுக்கவில்லை. அவளுடைய அண்ணன் வந்து "விடு, நான் பிடிக்கிறேன்" என்றான். "பக்கத்துல பிடி," என்றாள் அவள். அவன் பக்கத்தில் பிடித்தான்.

சடங்கெல்லாம் முடிந்து குழிக்குப் புறப்பட்டபோது மழை விட்டிருந்தது. பெண்கள் லயத்தின் முடிவில் நின்றார்கள். புஷ்பம் நிற்கவில்லை, அண்ணனின் பின்னால் நடந்தாள். சின்னமுத்து திரும்பிப் பார்த்தார், பிறகு அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். தேயிலைக்கு நடுவே அவர்கள் மறைகிறவரை ஞானேஸ்வரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

மதியத்துக்குப் பிறகு தோட்டத்து இளைஞர்கள் சாக்கும் கல்லும் போட்டு ஜீப்பைப் பின்னால் இறக்கி அகலமான இடத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். தொழிற்சாலையைக் கடந்து தார்ப் பாதை வந்ததும் ஞானேஸ்வரி நிம்மதியாக மூச்சு விட்டாள். அது அதிக நேரம் நீடிக்கவில்லை. தெல்தெனியாவுக்கு மேலே ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. கறுப்பையா பிரேக்கை அழுத்தினான். தேய்ந்த டயர்கள் ஈரத் தாரைப் பிடிக்கவில்லை. ஜீப் நேராகப் பஸ்ஸை நோக்கிச் சறுக்கியது. பஸ் சாரதி ஓரத்துக்கு ஒடித்ததால் இரண்டு வண்டிகளும் உரசாமல் தப்பின. பஸ்ஸிலிருந்து யாரோ சிங்களத்தில் ஏசிவிட்டுப் போனார்கள்.

கறுப்பையா வண்டியை ஓரத்தில் நிறுத்தி இறங்கினான். பாதையோரக் கல்லில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டான். ஞானேஸ்வரி தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தாள்.

"பொட்டி உள்ள இருந்திருந்தா..." என்றான்.

"பெட்டி இல்லாட்டிலும் நாங்கள் இருந்தம்தானே, அண்ணை." அவள் அவன் பக்கத்தில் நின்றாள். "நேற்று நானா சொன்னவர். நான்தான் ஒரு நாள் எண்டு சொன்னன். அது என்ர பிழை."

அங்கிருந்து கண்டி வரைக்கும் அவன் வண்டியை ஊர்ந்தே ஓட்டினான்.

மறுநாள் அலவத்துகொடையில், ஸெய்னுலாப்தீன் கேட்காமலே அந்த மூன்று டயர்களையும் மறுபடி உருட்டி வந்தார். ஞானேஸ்வரி நடந்ததைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "எத்தன வயசு அந்த உம்மாக்கு?" என்று மட்டும் இடையில் கேட்டார்.

கறுப்பையா தன் முடிவில் இன்னும் நின்றான். "சேத்து டயரே போடுவோம்மா. நான் தார்ல மெதுவா ஓட்டுறேன். வாசல்ல கொண்டாந்து விடுறேன்னு அந்தப் புள்ளைகிட்ட வாக்குக் குடுத்தேன். பாதி மலையில, பொம்பளைங்க கையில கொடுத்துட்டேன். எனக்கு எப்படி இருந்திச்சுன்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியும். நானும் தூக்கினனான்தானே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நானா, உண்மையைச் சொல்லுங்கோ," என்றாள் அவள். "இந்தச் சேத்து டயர் இருந்தா நேற்று மேலை போயிருக்குமோ?"

ஸெய்னுலாப்தீனுக்கு அந்த டயரில்தான் இலாபம் அதிகம். அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "போயிருக்கும், போகாமலும் இருந்திருக்கும். சொல்ல ஏலாது. கல்லும் மண்ணும் கலந்த ரோட்டுல இது ராஜா. ஆனா வெறும் களிமண், அதுவும் ஊறின களிமண், அதுக்கு எந்த டயரும் பொறுப்பு நிக்காது. அங்க எறங்கி நடக்கத்தான் வேணும்."

"அப்ப நடுவில இருக்கிறதைப் போடுங்கோ."

"அம்மா..." என்றான் கறுப்பையா.

"கேளுங்கோ அண்ணை. கண்டியில இருந்து தெல்தெனியா வரைக்கும் மழையில நீங்கள் பிரேக் பிடிச்சா வண்டி நிக்கோணும். அது முதல். கல் ரோட்டில ஏறோணும். அதுக்கு இது காணும். களிமண் வந்தா நிப்பாட்டுவம். ஏறாது எண்டு தெரிஞ்ச இடத்தில, வழுக்கிறதுக்கு முன்னமே, நல்ல இடமாப் பாத்து நிப்பாட்டுவம். சனத்திட்டை முதலே சொல்லி வைப்பம், இன்ன இடத்துக்கு ஆக்கள் வாங்கோ எண்டு. ஆம்பிளையள்தான் வரோணும் எண்டில்லை. ஆர் வந்தாலும் சரி."

"வாசலுக்குப் போகலைன்னா ஏசுவாங்கம்மா."

"ஏசட்டும். என்ர பேரைச் சொல்லுங்கோ."

கறுப்பையா சேற்று டயரை ஒரு முறை பார்த்தான். பிறகு போய் ஜீப்பின் பின் கதவைத் திறந்து ஜாக்கியை எடுத்தான்.

ஸெய்னுலாப்தீன் ஒவ்வொரு டயரின் பக்கத்திலும் பொறித்திருந்த உற்பத்தி வாரத்தையும் வருடத்தையும் ஞானேஸ்வரிக்குக் காட்டினார். பல் தேயாவிட்டாலும் ரப்பர் பழசாகிக் கெட்டுப்போகும், அதனால் எங்கே வாங்கினாலும் இதைப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்றார். பூட்டி முடிந்ததும் கறுப்பையாவிடம் ஒரு சிறிய காற்றுப் பம்பைக் கொடுத்தார். "மண் ரோட்டுக்கு ஏறுறதுக்கு முந்தி காத்தக் கொஞ்சம் எறக்குங்க. டயர் பரந்து பிடிக்கும். தாருக்கு வந்ததும் மறக்காம அடிச்சிருங்க. இது பத்மநாதன்ட நெனவுக்கு." அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஞானேஸ்வரி அந்த வாரமே தன் கடையில் ஒன்றை மாற்றினாள். தோட்டங்களுக்குப் போகிற பெட்டிகளில் அழகுக்காக அடித்திருந்த தகரக் கைப்பிடிகளை எடுத்துவிட்டு, பலகையைத் துளைத்து மறுபக்கம் முறுக்கிய இரும்புப் பிடிகளைப் பூட்டினாள். பார்வைக்கு முரட்டுத்தனமாக இருந்தது. ஒரு குடும்பம் அது வேண்டாம் என்றது. அவள் காரணத்தைச் சொன்னாள். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

ஐப்பசி மழை இறங்கியபோது மடுல்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு ஜீப் போனது. இறந்தவர் ஒரு கங்காணி. மகன் கண்டியில் பெரிய கடையில் கணக்காளர். அவன் முன் ஆசனத்தில் இருந்தான். கல் பாதையை வண்டி சிரமமில்லாமல் ஏறியது. அதற்கு மேலே, லயங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், ஊறிய களிமண் ஏற்றம் ஒன்று இருந்தது. கறுப்பையா வண்டியை நிறுத்தி, இறங்கி, ஏற்றத்தில் கொஞ்சத் தூரம் நடந்து, குதிகாலால் மண்ணைக் குத்திப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"ஏன் நிப்பாட்டினீங்க? புது டயர்தானே போட்டிருக்கு," என்றான் மகன். "இந்தா தெரியுது வீடு."

"ஏறினாலும் ஏறும் தம்பி. ஏறாமப் போனா உங்கப்பாவோட கீழ போயிருவோம். அதான் பொறப்படும்போதே சொன்னோமே, ஆளுகளை வரச் சொல்லுங்க."

மகன் கோபத்தோடு தொலைபேசியை எடுத்தான். மேலேயிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஆண்கள்தான் அதிகம், கங்காணியின் இரண்டு மகள்களும் வந்து பின்பக்கத்து இரும்புப் பிடிகளைப் பற்றிக்கொண்டார்கள். யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள். பெட்டி மேலே போயிற்று. மகன் கறுப்பையாவோடு அதற்குப் பிறகு பேசவில்லை.

கறுப்பையா சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு ஞானேஸ்வரிக்கு அழைத்தான்.

"எறக்கிட்டோம்மா. தூக்கிட்டுப் போயிட்டாங்க. நான் கீழதான் நிக்கிறேன்."

"ஏசினவையோ?"

"கொஞ்சம்."

மலையில் மழை விழுகிற சத்தம் தொலைபேசியில் கேட்டது.

"மழை விட்டதும் பொறப்படுறேன்," என்றான் அவன்.

"அவசரப்படாதேங்கோ," என்றாள் ஞானேஸ்வரி. "ஆறுதலா வாங்கோ, அண்ணை."